சொந்த போர்டில் ப்ரோகிராம் ஏறவில்லையா? கேள்வி பதில்

நாமே வரைந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் பாகங்களை சால்டர் செய்து, ப்ரோகிராமரை மாட்டி, பட்டனை அழுத்தினால் பிழைச்செய்தி மட்டும் வரும். அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வந்த கேள்விகளில் முக்கால்வாசி “சிப் போய்விட்டதா?” என்றுதான் முடிகின்றன. பெரும்பாலும் போயிருக்காது. மல்டிமீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஏடிமெகா328பி வைத்து முதல் போர்டு செய்திருக்கிறேன். யூஎஸ்பிஆஸ்ப் ப்ரோகிராமரில் சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) படிக்கச் சொன்னால் முழுக்க சுழியமாகவே வருகிறது. பழைய போர்டில் இருக்கும் அதே வகை சிப்பை இதே ப்ரோகிராமர் ஒழுங்காகப் படிக்கிறது. வயரிங்கை மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

பழைய போர்டில் இருப்பது ஏற்கனவே ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பிட்கள்) மாற்றப்பட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும் சிப்பாக இருக்கும். புது சிப் அப்படி வராது. உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படிதான் தொழிற்சாலையில் அமைத்து அனுப்புகிறார்கள். ப்ரோகிராமரின் எஸ்சிகே (அது சிப்போடு பேசும் கடிகாரக் கம்பி) வேகம் சிப்பின் கடிகாரத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது உங்களுக்கு 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. யூஎஸ்பிஆஸ்ப் வழக்கமாக 375 கிலோஹெர்ட்ஸில் பேசும். சிப்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ப்ரோகிராம் ஏற்றும் ஏவிஆர்டியூட் மென்பொருளின் கட்டளையில் பெரிய எழுத்து ‘பி’ (-B) ஆப்ஷனுக்கு 10 கொடுங்கள், வேகம் 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும். 1ஈ 95 0எஃப் என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. கடைசியில் 14 என்று வந்தால் உங்களிடம் இருப்பது ‘பி’ இல்லாத ஏடிமெகா328. அதுவும் நல்ல சிப்தான், மென்பொருளில் பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும்.

வேகத்தைக் குறைத்தும் வரவில்லை என்றால் மின்சாரத்தை அளங்கள். சதுர வடிவ 32 கால் சிப் என்றால் 4, 6, 18 ஆகிய மூன்று கால்களிலும் மின்னழுத்தம் இருக்க வேண்டும். 18 என்பது ஏவிசிசி, ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) பக்கத்துக்கான மின்சாரக் கால். “ஏடிசி பயன்படுத்தவில்லையே” என்று அதை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது.

அளக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மீட்டரின் முனையை காலின் நுனியில் வைத்து அழுத்தாதீர்கள். சால்டர் பிடிக்காமல் முடியளவு தூக்கி நிற்கும் கால், நீங்கள் அழுத்தும்போது போர்டின் செம்புப் பேடில் போய் ஒட்டிக்கொள்ளும். மீட்டர் 5 வோல்ட் காட்டும். கையை எடுத்தவுடன் கால் மறுபடி எழும்பிவிடும். கால் சிப்பிலிருந்து வெளியே வந்து வளையும் இடத்தில், மேலே, லேசாகத் தொட்டு அளங்கள்.

கேள்வி: என்னிடம் ஆசிலோஸ்கோப் இல்லை, மல்டிமீட்டர் மட்டும்தான். கால்கள் ஒழுங்காகப் பிடித்திருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. போர்டிலிருந்து மின்சாரத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை கிரவுண்டில், கறுப்பு முனை நீங்கள் சந்தேகிக்கும் காலுக்குப் போகும் டிராக்கில் (போர்டின் செம்புக்கோட்டில்). கால் மேல் வைக்காதீர்கள், அந்த டிராக் போய்ச் சேரும் ஹெடரிலோ ரெசிஸ்டரிலோ வையுங்கள். பெரும்பாலான சிப்களில் ஒவ்வொரு காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே உள்ளே ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். கால் பிடித்திருந்தால் சுமார் 0.5 முதல் 0.7 வரை மீட்டர் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கால் பிடிக்கவில்லை. சுழியத்தை ஒட்டி வந்தால் கிரவுண்டோடு ஷார்ட்.

சிப்பின் ஒரே போர்ட்டை (கால்களின் குழுவை) சேர்ந்த கால்கள் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். வரிசையாக 0.58, 0.58, 0.59 என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் 0.71 என்றால் அங்கே நின்று பாருங்கள். அந்த டிராக்கில் வேறு பாகம் இருந்தாலும் எண் மாறும் என்பதால் சர்க்யூட்டையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கால் வெளியே தெரியாத, அடியில் பேடு மட்டும் இருக்கும் சிப்புக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: அண்ணா, ஃபியூஸை மாற்றும்போது வெளிக் கடிகாரம் என்று தேர்ந்தெடுத்துவிட்டேன். போர்டில் கிரிஸ்டலே கிடையாது. இப்போது சிப் எதற்கும் பதில் சொல்வதில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம் தம்பி. கடிகாரம் இல்லாமல் அது அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு கடிகாரம் கொடுத்தால் பேசும். வேறொரு ஆர்டுயினோ போர்டில் டைமரை வைத்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை ஒரு பின்னில் வெளியே விடுங்கள். அந்த பின்னை உங்கள் சிப்பின் எக்ஸ்டால்1 என்ற கடிகார உள்ளீட்டுக் காலுக்குக் கொடுங்கள், 32 கால் சிப்பில் அது 7ஆம் கால். இரண்டு போர்டின் கிரவுண்டையும் சேர்ப்பது முக்கியம். அப்புறம் முதல் கேள்வியில் சொன்னபடி மெதுவான வேகத்தில் சிக்னேச்சரைப் படித்து, ஃபியூஸைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

ஃபியூஸில் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு: அங்கே 0 என்றால் ‘இயக்கியது’, 1 என்றால் ‘இயக்காதது’. இதைத் தலைகீழாக நினைத்து ரீசெட் காலை முடக்கும் ஃபியூஸை இயக்கிவிட்டால் சாதாரண ப்ரோகிராமரால் மீட்க முடியாது. ரீசெட்டுக்கு 12 வோல்ட் கொடுத்துச் செய்யும் உயர் மின்னழுத்த முறைதான் வழி. எழுதும் முன்பு ஃபியூஸ் மதிப்பை ஒரு கால்குலேட்டர் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்407 சிப் வைத்த போர்டு. அதன் ப்ரோகிராமரான எஸ்டி-லிங்க் 3.3 வோல்ட் காட்டுகிறது, ஆனால் சிப்பைக் காணவில்லை என்கிறது. எல்லா பவர் கால்களிலும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறேன்.

“எல்லா பவர் கால்களிலும்” என்றால் விகேப் என்று பெயருள்ள இரண்டு கால்களையும் சேர்த்துத்தானே? அவை பவர் கால்கள் இல்லை. சிப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டர் மூளைப்பகுதிக்காக சுமார் 1.2 வோல்ட் தயாரிக்கிறது, அது வெளியே வந்து கெப்பாசிட்டரில் தங்கும் இடம் இது. எஃப்407இல் ஒவ்வொன்றுக்கும் 2.2 மைக்ரோஃபாரட், ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் மின்தடை) குறைவான செராமிக் வேண்டும். 100 நானோ போதாது. மாற்றிப் போட்டுவிட்டு அந்தக் காலில் அளங்கள். 1.2 வோல்ட் அருகே நின்றால் ரெகுலேட்டர் வேலை செய்கிறது. அந்தக் கால்களை 3.3 வோல்ட்டோடு சேர்த்துவிட்டேன் என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். அவருக்கு மட்டும் புது சிப் வாங்கச் சொல்வேன்.

எஸ்டி-லிங்க் காட்டும் 3.3 வோல்ட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அசல் எஸ்டி-லிங்க் அந்தக் காலால் உங்கள் போர்டின் மின்னழுத்தத்தைப் பார்க்க மட்டும் செய்யும், மின்சாரம் கொடுக்காது. சின்னக் குச்சி வடிவ நகல்களில் 3.3 வோல்ட் வெளியே வரும். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, சிப்பின் காலிலேயே அளங்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103. முதல் தடவை ப்ரோகிராம் அழகாக ஏறியது, எல்இடி மின்னியது. இரண்டாவது தடவை இணையவே மறுக்கிறது. எதையும் தொடவில்லை.

உங்கள் ப்ரோகிராம் தொட்டிருக்கிறது. எஸ்டி-லிங்க் பேசுவது பிஏ13, பிஏ14 என்ற இரண்டு கால்களில். தொடக்க நிரலை எழுதித் தரும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் ‘சிஸ்’ பகுதியில் டீபக் என்ற இடத்தை மாற்றாமல் விட்டால், அது எழுதிக் கொடுக்கும் நிரல் அந்த இணைப்பையே முடக்கிவிடும். எல்இடி மின்னுவதற்கு முன்பே, நிரலின் ஆரம்பத்திலேயே கதவு சாத்தப்படுகிறது.

திறக்கும் வழி எளிது. எஸ்டி-லிங்கின் ரீசெட் வயரை சிப்பின் என்ஆர்எஸ்டி காலோடு இணைத்து, மென்பொருளில் ரீசெட்டில் பிடித்தபடியே இணையும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே எஸ்டி-லிங்க் உள்ளே போய்விடும். ரீசெட் வயரை வெளியே கொண்டுவரவில்லை என்றால் பூட்0 காலை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து, மின்சாரத்தை நிறுத்திக் கொடுங்கள். உங்கள் நிரலுக்குப் பதில் சிப்பின் சொந்த பூட்லோடர் ஓடும், அது அந்தக் கால்களைத் தொடாது. உள்ளே போனதும் முழுக்க அழித்துவிட்டு, டீபக் இடத்தில் ‘சீரியல் வயர்’ என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள். ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும் நிரலுக்கும் இதே மருந்துதான்.

அடுத்த போர்டில் எஸ்டி-லிங்க் ஹெடருக்கு நான்கு கால் மட்டும் வைக்காமல், ரீசெட்டையும் சேர்த்து ஐந்தாக வையுங்கள்.

கேள்வி: எஃப்103 போர்டு. ப்ரோகிராம் ஏற்றும் ஓப்பன்ஓசிடி மென்பொருள், சிப்பின் அடையாள எண் 1பிஏ01477 எதிர்பார்த்தேன், 2பிஏ01477 வந்தது என்கிறது.

எஃப்103 என்று மேலே அச்சடித்த நகல் சிப். அமைப்புக் கோப்பில் எதிர்பார்க்கும் எண்ணை மாற்றினால் ஏறும். விற்பனைக்குப் போகும் போர்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிப்) மாட்யூல் உள்ள போர்டு. சென்சாரை மாட்டாதபோது சரியாக ஓடுகிறது. மாட்டினால் ஃப்ளாஷ் படிக்க முடியவில்லை, 1000 என்ற செய்தியோடு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. சென்சார் பழுதா?

சென்சாரின் வயர் ஜிபிஐஓ12இல் இருக்கிறதா என்று பாருங்கள். சிப் விழிக்கும் அந்த நொடியில் சில கால்களின் நிலையைப் படித்துத்தான் எப்படி ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது. 12ஆம் எண் கால் அப்போது மேல்நிலையில் இருந்தால் ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று எடுத்துக்கொள்ளும். வழக்கமான மாட்யூலில் இருக்கும் ஃப்ளாஷுக்கு 3.3 வேண்டும். பட்டினி போட்டால் அது எப்படிப் பதில் சொல்லும்? சென்சாரில் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர்தான் அந்தக் காலை மேலே இழுக்கிறது. வேறு காலுக்கு மாற்றுங்கள். 6 முதல் 11 வரை உள்ள கால்களுக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள், அவை ஃப்ளாஷுக்கே போகின்றன.

கேள்வி: அதே ஈஎஸ்பி32, லித்தியம் பேட்டரி, ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். சில நேரம் ஏற்றும்போது பாதியில் நிற்கிறது, வைஃபை தொடங்கினால் ரீசெட் ஆகிறது. மீட்டரில் 3.2 வோல்ட் வருகிறது.

மீட்டர் காட்டுவது சராசரி. வைஃபை துடிக்கும் சில மில்லிநொடிகளில் மின்னழுத்தம் விழுவதை அது பார்க்காது. ஏஎம்எஸ்1117க்குத் தன் பங்காக 1 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 3.7 வோல்ட் பேட்டரியிலிருந்து அதனால் 3.3 கொடுக்கவே முடியாது. உள்ளே இழப்பு குறைவான, 500 மில்லிஆம்பியர் தாங்கும் ரெகுலேட்டருக்கு மாறுங்கள். அதுதான் காரணமா என்று இன்றைக்கே தெரிய வேண்டுமானால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரெகுலேட்டரின் உள்வாயிலில் 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எஸ்டி கார்டு சாக்கெட்டை சால்டர் செய்யும் வரை ஏடிமெகா ஏறியது. கார்டு போட்டால் சரிபார்க்கும்போது பிழை வருகிறது.

கார்டும் ப்ரோகிராமரும் ஒரே எஸ்பிஐ (சிப்கள் பேசிக்கொள்ளும்) கம்பிகளில் இருக்கின்றன. ப்ரோகிராம் ஏற்றும்போது சிப் ரீசெட்டில் இருப்பதால் கார்டின் சிஎஸ் காலை (கார்டைக் கூப்பிடும் காலை) யாரும் பிடித்துவைப்பதில்லை, அது காற்றில் தொங்கும். கார்டு தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நடுவில் பேசும். சிஎஸ்ஸிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். 5 வோல்ட் போர்டு என்றால் ப்ரோகிராமரின் 5 வோல்ட் கார்டுக்குப் போகாமல் லெவல் மாற்றி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: டைப்-சி சாக்கெட் வைத்த போர்டு. பழைய ஏ முனை கேபிளில் வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் மின்சாரமே வரவில்லை.

சாக்கெட்டின் சிசி1, சிசி2 கால்கள் இரண்டிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடக்கூடாது.

கேள்வி: ஆர்பி2040 போர்டு. பூட்செல் பட்டனை அழுத்தினால் கணினியில் டிரைவ் தெரிகிறது, கோப்பை நகலெடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. உடனே மறுபடி டிரைவாகவே வந்து நிற்கிறது. ஆர்பி2040 போய்விட்டதா சார்?

டிரைவ் தெரிகிறது என்றால் சிப், கிரிஸ்டல், யூஎஸ்பி மூன்றும் உயிரோடு இருக்கின்றன. மிச்சம் இருப்பது ஃப்ளாஷ். ஆர்பி2040க்குள் நிரலை வைக்க இடம் கிடையாது, வெளியே உள்ள ஃப்ளாஷ் சிப்பில்தான் இருக்கும். அதன் முதல் 256 பைட்டில் சரியான தொடக்க நிரல் கிடைக்காவிட்டால் மறுபடி டிரைவாக வந்து நிற்பதுதான் அதன் இயல்பு. ஃப்ளாஷின் ஆறு சிக்னல் கம்பிகளையும் மேலே சொன்ன டயோடு முறையில் பாருங்கள். எல்லாம் பிடித்திருக்கிறது, ஃப்ளாஷ் மட்டும் வேறு நிறுவனத்தினுடையது என்றால், தொடக்க நிரலை 03 என்ற படிக்கும் கட்டளையைப் பயன்படுத்தும் பொது வகைக்கு மாற்றி ஏற்றிப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் ஓடினால் ஃப்ளாஷ் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நிரல் சில நேரம் ஓடி, சில நேரம் ஓடாமல் இருந்தால் கிரிஸ்டல் மெதுவாக எழும்புவது காரணமாக இருக்கலாம். எஸ்டிகேயில் (நிரல் எழுதப் பயன்படும் மென்பொருள் தொகுப்பில்) கிரிஸ்டலுக்கான காத்திருப்புப் பெருக்கியை 64 என்று வையுங்கள். உங்கள் ஃப்ளாஷின் மேலே அச்சடித்திருக்கும் எண்ணையும் சர்க்யூட் படத்தையும் அனுப்பினால் எந்தத் தொடக்க நிரல் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.