தோளில் தொங்கும் குரோசே பை ஏன் இழுபடுகிறது?

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கு நாள்தோறும் 100ஆம் இலக்க பஸ்ஸில் போய்வரும் அவர், அம்மா வைத்திருந்த பழைய ஆங்கிலப் பின்னல் புத்தகத்தின் குறிப்பைப் பின்பற்றி, அக்ரிலிக் ஊல் எனப்படும் செயற்கை நூலில், நுனியில் கொக்கியுள்ள குரோசே ஊசியால் ஒரு கைப்பை பின்னினாராம். அதிலுள்ள ‘டபுள் குரோசே’யை மட்டும் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டாராம். சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துப் பத்து நாள் தோளில் மாட்டியதும், இடுப்பளவில் நின்ற பை முழங்காலைத் தொடும் அளவுக்கு இறங்கிவிட்டது, அடிப்பகுதி உப்பிவிட்டது, பேனா கண்ணிகளின் வழியே நழுவி விழுகிறது. “நூலில்தான் பிழையா? எந்த நூலில், எவ்வளவு வாங்கி மீண்டும் தொடங்குவது? பழைய பையைப் பிரித்துவிடலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

நூலை முதற்குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. பேனா விழும் ஓட்டைகளுக்குக் காரணம் பெரும்பாலும் பெயர்க் குழப்பமே. பிரித்தானியக் குறிப்புகளில் டபுள் குரோசே எனப்படும் குட்டையான, நெருக்கமான பின்னலை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோசே என்பார்கள். அமெரிக்கரின் டபுள் குரோசே, பிரித்தானியர் ட்ரெபிள் என்று அழைக்கும் உயரமான, இடைவெளி மிகுந்த பின்னல். நம் வீடுகளில் உள்ள பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பிரித்தானிய வழக்கில் எழுதப்பட்டவை. காணொளிகளில் பல அமெரிக்க வழக்கைப் பின்பற்றுபவை. புத்தகம் ஒன்றைச் சொல்ல, நீங்கள் வேறொன்றைப் பின்னியிருக்கிறீர்கள். ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும்போது நூலை ஒருமுறை இழுத்து முடிக்கும் குட்டைப் பின்னலே பைக்கு வேண்டியது. கீழே அதையே சிங்கிள் என்று குறிப்பிடுகிறேன்.

இனி நூல். அக்ரிலிக் நீளும் தன்மை உடையது என்பது உண்மை, ஆனால் பருத்தியும் பாரத்தில் நீளும். நீண்டபின் பழைய அளவுக்குத் திரும்பும் சுபாவமும் அதற்குக் குறைவு. கொழும்பில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாதாரண ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத நீரை உறிஞ்சி வைத்திருக்கும், சணல் 13 சதவீதத்துக்கும் மேல், அக்ரிலிக்கோ 1.5 சதவீதம் அளவில்தான். பார்வைக்கு அழகான சணல் பை, மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிப்பதற்கு இதுவே காரணம். நாள்தோறும் பயன்படுத்தும் பைக்கு நான் சொல்வது நடுத்தரத் தடிப்புள்ள, இறுக முறுக்கிய பருத்தி நூல். மழையில் நனைவது தவிர்க்க முடியாதது என்றால் முடிச்சுக் கைவேலைக்கு விற்கும் பொலியெஸ்டர் மக்ரமே கயிறு நல்லது. விரல்தான் சற்று நோகும். இவற்றைப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் தேடிப் பாருங்கள்.

நூலின் சுற்றுத்தாளில் எழுதியிருக்கும் ஊசி அளவு பெரும்பாலும் உடைகளுக்கானது. பைக்கு அதைவிட 1 மில்லிமீற்றர் சிறிய ஊசியை எடுங்கள்: 4.5 என்றிருந்தால் 3.5. முதலில் 10 சென்ரிமீற்றர் சதுரத் துண்டொன்றைப் பின்னி, கண்ணிகளையும் வரிசைகளையும் எண்ணி, சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை அதில் கட்டி ஓரிரவு தொங்கவிட்டு, காலையில் அளந்து பாருங்கள். கண்ணில் படும் அளவுக்கு நீண்டிருந்தால் இன்னும் சிறிய ஊசிக்கு மாறுங்கள். இந்தத் துண்டைப் பின்னச் சோம்பற்பட்டவர்களே பிறகு முழுப் பையையும் பிரிக்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

துண்டில் 18 கண்ணிகள், 20 வரிசைகள், 9 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பகுதி 28 சென்ரிமீற்றர் நீளம், 10 சென்ரிமீற்றர் அகலம் கொண்ட நீள்வட்டமாக வேண்டுமானால், முதலில் வரிசையாகப் போடும் கண்ணிகளான தொடக்கச் சங்கிலியின் நீளம் 28 அல்ல. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து வரும் 18 சென்ரிமீற்றர்தான். அதாவது 32 சங்கிலி, திரும்புவதற்கு மேலும் ஒன்று. இரு முனைகளிலும் மும்மூன்று சிங்கிள் போட்டுச் சங்கிலியின் இரு பக்கமும் சுற்றிவந்தால் 66 கண்ணிகள் கிடைக்கும். அடுத்த ஒவ்வொரு சுற்றிலும் முனைக்கு மூன்றாக ஆறு கண்ணிகளைக் கூட்டிப் பத்தாவது சுற்றை முடிக்கும்போது 120 கண்ணிகள் இருக்கும். அடி கிண்ணம்போல் குழிந்தால் கூட்டியது போதவில்லை, அலை அலையாக நெளிந்தால் கூடிவிட்டது. அதன்பின் ஒரு சுற்றை, கண்ணியின் தலையில் தெரியும் இரு இழைகளில் பின்பக்க இழையில் மட்டும் பின்னினால் விளிம்பு நேராக மடியும். கூட்டாமல் 25 சென்ரிமீற்றர் உயரம்வரை சுற்றிக்கொண்டே போகலாம். சுற்றுப் பின்னலில் கண்ணிகள் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும் என்பதால், தோள்பட்டியின் இடத்தை அடியிலிருந்து எண்ணாமல், முடிந்த பையை மடித்துப் பார்த்துக் குறியுங்கள்.

சுவர், அடி, 70 சென்ரிமீற்றர் நீளமும் 4 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பட்டி ஆகியவற்றின் பரப்பு ஏறத்தாழ 2,200 சதுர சென்ரிமீற்றர். நூறு சதுர சென்ரிமீற்றருக்கு 9 கிராம் என்றால் 198 கிராம். முடிச்சு, தும்பு, பிழை எல்லாவற்றுக்கும் சேர்த்து 250 கிராம் வாங்குங்கள், அதையும் ஒரே சாயத் தொகுதி இலக்கத்தில் (ஒரே தடவையில் சாயமிட்டதைக் காட்டும் எண்) வாங்குங்கள்.

எவ்வளவு நெருக்கமாகப் பின்னினாலும், சாப்பாட்டுப் பெட்டியைச் சுமக்கும் வேலையைப் பின்னலிடம் ஒப்படைக்கக் கூடாது. கனமான பருத்தித் துணியை முதலில் துவைத்துச் சுருங்கவைத்து, உள்ளே லைனிங்காகத் தையுங்கள். அதன் உயரம் பையைவிட 1 சென்ரிமீற்றர் குறைவாக இருக்கட்டும். அப்போது பாரம் துணியில் தங்கும், பின்னல் இழுபடாது. பலரும் இரண்டையும் ஒரே அளவில் வெட்டி, லைனிங் போட்டும் பை தொங்குகிறதே என்று குறைப்படுகிறார்கள். அடியில் நீள்வட்டமாக வெட்டிய தடித்த பிளாஸ்ரிக் தகட்டை வைத்தால் உப்பாது.

பட்டியை மேல்விளிம்பில் மட்டும் பொருத்துவதும் பிழை. 2.5 சென்ரிமீற்றர் அகலமான பை நாடாவில் 1.6 மீற்றர் வாங்கி, பட்டியின் உட்புறமாக ஓடவிட்டு, ஒரு பக்கச் சுவர் வழியே இறக்கி, பின்னலுக்கும் லைனிங்குக்கும் நடுவே அடியைக் கடந்து மறுபக்கம் ஏற்றி, இரு நுனிகளையும் 5 சென்ரிமீற்றர் மேற்பொருத்தித் தையுங்கள். பாரம் முழுவதும் இந்த வளையத்தில் தொங்கும். வெளியே தெரியும் பின்னல் அதற்குப் போர்வை மட்டுமே.

உங்கள் பழைய பையைப் பிரிக்க வேண்டியதில்லை. தோள்பட்டியை மட்டும் கழற்றிக் குட்டையாகப் பின்னி, மேற்சொன்ன நாடாவையும் கருநிற லைனிங்கையும் சேர்த்தால், ஓட்டைகள் வேலைப்பாடுபோலத் தெரியும். அதைப் பாரம் குறைந்த பையாக வைத்துக்கொள்ளலாம். இழுபட்ட இடத்தைச் சரிசெய்ய இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். சூடுபட்ட அக்ரிலிக் நிரந்தரமாகத் துவண்டுவிடும். தண்ணீரில் நனைத்து, துவாயில் சுற்றிப் பிழிந்து, தட்டையாகப் பரப்பி நிழலில் உலரவிடுங்கள்.