தறிக்குடோனுக்கு மேலே நிற்காத நெட்

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். கீழே தறிக்குடோன், மாடியில் வீடு. ஃபைபர் பெட்டி குடோன் ஆபீஸ் அறையில், இரும்பு பீரோவின் மேல் இருக்கிறது. மகள் மாடியில் உட்கார்ந்து ஐடி வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நெட் அறுந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பேரன் நாள் முழுக்கப் படம் பார்த்தாலும் ஒன்றும் ஆவதில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்க" என்கிறார்கள். கடைக்காரர் வைஃபை பூஸ்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு வார்த்தை எழுதினீர்களே, எனக்கு அதில்தான் கண் போனது. வைஃபைக்கு வார விடுமுறை கிடையாது. தறிக்கு உண்டு.

மோட்டார் ஓட ஆரம்பிக்கும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். நாலு தறியை அடுத்தடுத்துப் போட்டால் லைனில் வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். டியூப்லைட் ஒரு தடவை சிமிட்டும், நாம் கவனிக்கவே மாட்டோம். ஃபைபர் பெட்டிக்கு அந்தச் சிமிட்டலே போதும். அதிலும் அடாப்டர் பழசாகியிருந்தால் அரை நொடித் தள்ளாட்டத்தைக்கூடத் தாங்காது, பெட்டி அணைந்து திரும்ப எழும். எழுந்து, கம்பெனி இயந்திரத்தோடு கைகோத்து, வைஃபையைக் கிளப்பி, உங்கள் மகளின் லேப்டாப் மறுபடி ஒட்டிக்கொள்ள இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். நீங்கள் போன் போட்டு, வரிசையில் காத்திருந்து, ஆள் எடுப்பதற்குள் பெட்டி எழுந்திருக்கும். அவர் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பொய் சொல்லவில்லை, பாவம்.

இது என் ஊகம்தான். உறுதி செய்ய ஒரு பைசா செலவில்லை. அடுத்த முறை நெட் போனதும் போனைப் பார்க்காமல் யாரையாவது பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எல்லாம் அணைந்து ஒவ்வொன்றாக வந்தால், கரண்ட் கோளாறு. எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது சிமிட்டினால், ஃபைபரில் ஒளி வரவில்லை. எல்லாம் வழக்கம்போல் பச்சையாக எரிந்தும் மாடியில் மட்டும் நெட் இல்லையென்றால் அப்போதுதான் வைஃபையைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு நாளைக்கு நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள், பக்கத்திலேயே தறி போட்ட நேரத்தையும்.

கரண்ட்தான் என்றால் ரூட்டருக்கென்றே வரும் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். வாங்கும்முன் அடாப்டரைத் திருப்பி அதில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆம்பியர்தான் 1, 1.5, 2 என்று மாறும். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் லைன் அந்த அறைக்கு வருகிறதென்றால் முதலில் அதில் மாட்டிப் பார்க்கலாம். ஆனால் கரண்ட் போகும்போது மாறுவதற்குச் சில இன்வெர்ட்டர்கள் எடுக்கும் இடைவெளியே பெட்டியை அணைத்துவிடும். அதனால் எனக்கு யூபிஎஸ்தான் உசத்தி.

சிவப்பு விளக்கு என்றால் கம்பெனிக்காரர் வந்தாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் கம்பத்திலிருந்து தொங்கும் ஃபைபர் ஆடி ஆடி இணைப்பு தளரும். அணில் கடிக்கும், தென்னை மட்டை விழும். போனில் "நெட் வரலை" என்றால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். "எல்ஓஎஸ் சிவப்பு, இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள், லைன்மேன் வருவார். அவர் மீட்டர் வைத்து ஒளியின் பலத்தை அளக்கும்போது டிபிஎம் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் 20 சுற்றி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் ஒளி மங்கி விளிம்பில் நிற்கிறது. பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயரை ஆணியில் சுற்றி மடக்கியிருந்தால் அங்கேயே ஒளி கசியும், அகலமான வளையமாக விடுங்கள். அதைக் கழற்றி முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கலாம்.

சரி, வைஃபைக்கு வருவோம். இரும்பு பீரோ மேல் பெட்டி, நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், அதற்கு மேல் மகள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் அந்தத் தளத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 தாண்டும், வேகம் குறையும். ஒருமுறை ஒரு தோட்டத்து வீட்டில், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று பெட்டியை அட்டாலியில் பித்தளை அண்டாக்களுக்கு நடுவே தூக்கி வைத்திருந்தார்கள். அண்டாவை நகர்த்தியதுதான் நான் செய்த ரிப்பேர், காபி கொடுத்து அனுப்பினார்கள். நீங்களும் பீரோவிலிருந்து இறக்கி, மாடிப்படி பக்கத்துச் சுவரில் திறந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள். வைஃபையின் அலைத்தடத்தை, அதாவது சேனலை, 1, 6, 11 என்று மாற்றச் சொல்வதெல்லாம் பத்து வீட்டு சிக்னல் மோதும் திருப்பூர் லைன் வீடுகளுக்குத்தான் அவசியம். உங்களுக்கு அக்கம்பக்கம் காடாக இருந்தால் அதை விட்டுவிடலாம்.

பூஸ்டர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண பூஸ்டர் வாங்குகிற வாயாலேயே கொடுக்கவும் வேண்டும், அதனால் வேகம் பாதியாகிவிடும். சிக்னல் செத்த அறையில் வைத்தால் சத்தே இல்லாததைத்தான் பெருக்கும். அதற்குப் பதில் கீழிருந்து மாடிக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் ஒயர் இழுத்து, மேலே இன்னொரு ரூட்டரை வையுங்கள். மேல் ரூட்டரில் டிஎச்சிபியை, அதாவது லேப்டாப், போனுக்கெல்லாம் தானாக நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வசதியை, அணைத்து, அதன் முகவரியையும் கீழ்ப்பெட்டியின் முகவரி இல்லாமல் வேறாக மாற்றி, ஒயரை லான் (LAN) என்று எழுதிய துளையில் செருகச் சொல்லுங்கள். அலுமினியம் கலந்த மலிவு ஒயர் வேண்டாம், முழுச் செம்பாகக் கேளுங்கள். மோட்டாருக்குப் போகும் த்ரீ ஃபேஸ் ஒயரோடு ஒரே குழாயில் கண்டிப்பாகப் போடாதீர்கள். தனிக்குழாய்தான். எலக்ட்ரீசியன் சுவரைக் குடைகிற அன்றைக்கே இரண்டு ஒயராக இழுத்துவிடச் சொல்லுங்கள், மகளின் லேப்டாப்பை வைஃபையே இல்லாமல் ஒன்றில் நேராக மாட்டிக்கொள்ளலாம்.