பதில்: மலேசியாவுல நம்ம கொலுசு பேரை வேற ஒருத்தர் போட்டு விக்கறார்

அண்ணா, செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறை, இங்க டிரேட்மார்க் வாங்கியாச்சு, ஆனா கோலாலம்பூர்ல யாரோ அதே பேரை டப்பா மேல அச்சடிச்சு விக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சுங்க. இந்திய சர்டிஃபிகேட் இந்தியாவுக்குள்ள மட்டும்தான் செல்லும். ஐரோப்பிய யூனியன்ல ஒரே விண்ணப்பத்துல 27 நாட்டுக்கும் சேர்த்து வாங்கிடலாம், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இருக்கற ஆசியான்ங்கற தென்கிழக்கு ஆசிய கூட்டமைப்பு நாடுங்க எத்தனையோ விஷயத்துல சேர்ந்து வேலை செஞ்சும் அப்படி ஒரு பொது டிரேட்மார்க் இன்னும் வரலை, சின்ன பட்டறைக்காரங்களுக்கு இது பெரிய குறைதான்.

ஆனா ஒரே அப்ளிகேஷன்ல பல நாட்டுல டிரேட்மார்க் கேக்கறதுக்கான மாட்ரிட் ஒப்பந்தம் இருக்கு, இந்தியா 2013ல சேர்ந்துச்சு, மலேசியா 2019 கடைசியில. உங்க இந்திய ரெஜிஸ்ட்ரேஷனை அடிப்படையா வெச்சு இங்கிருந்தே ஆன்லைன்ல மலேசியா, சிங்கப்பூர் ரெண்டுக்கும் ஒரே அப்ளிகேஷன் போடலாம், ஆனா ஒவ்வொரு நாடும் தனியா பரிசீலிச்சுதான் குடுக்கும். இந்த சர்வதேசப் பதிவு ஆன முதல் 5 வருஷத்துக்குள்ள இந்திய ரெஜிஸ்ட்ரேஷன் ரத்தானா அந்த சர்வதேசப் பதிவும் சேர்ந்து போயிடும், ரினியூவலை மட்டும் விட்டுடாதீங்க.

அதுக்கு முன்னாடி மலேசிய அறிவுசார் சொத்து அலுவலக சைட்ல உங்க பேரை தேடிப் பாருங்க, அந்த ஆளு ஏற்கனவே அப்ளை பண்ணியிருந்தா எதிர்ப்பு மனு போடணும், அதுக்கு கெடு உண்டு. அங்க சரக்கு அனுப்புன பில், ஏற்றுமதி பேப்பர் எல்லாத்தையும் தேதிவாரியா எடுத்து வைங்க, அந்த ஊர்ல முதல்ல வித்தது நீங்கதான்னு காட்ட அதுதாங்க சாட்சி.