கொடைக்கானல் கஃபேயில் எதைக் கேட்டால் நம்ம ஃபில்டர் காபிக்குப் பக்கத்தில் வரும்?

மாக்கியாட்டோ கேட்டால் குட்டிக் கப்பில் கசப்பாக நாலு மடக்கு வந்தது, ஏமாற்றிவிட்டார்களா என்கிறீர்கள். இல்லை, அசல் மாக்கியாட்டோ அதுதான்: ஒரு எஸ்பிரெஸோ, மேலே ஒரு கரண்டி பால் நுரை. செயின் கடைகளில் கிடைக்கும் கேரமல் மாக்கியாட்டோ வேறு சரக்கு. முக்கால்வாசி பாலும் சிரப்பும்தான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை எஸ்பிரெஸோ. நைஸாக அரைத்த தூளில் சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரை அரை நிமிடம் செலுத்தினால் 30 மில்லி போல இறங்கும். வெந்நீர் சேர்த்தால் அமெரிக்கானோ. ஏறக்குறைய சம அளவு பால் என்றால் கார்ட்டாடோ. கப்புச்சினோவில் நுரை தடிமன், லாட்டேயில் பால் தூக்கல். ஃப்ளாட் ஒயிட் லாட்டேயைவிடச் சின்னது, நுரையும் மெல்லிசு. கப் அளவு கடைக்குக் கடை மாறும். ஆகவே எத்தனை மில்லி, சிங்கிள் ஷாட்டா டபுளா (அதாவது எஸ்பிரெஸோ ஒரு பங்கா, இரண்டு பங்கா) என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

என் ஓட்டு டபுள் ஷாட் ஃப்ளாட் ஒயிட்டுக்கு. சர்க்கரை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். சிக்கரி இல்லாததால் அந்தக் கெட்டித்தனம் வராது. இன்னொன்று, பாலைப் பொதுவாக 60, 65 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள். பொங்கப் பொங்கக் குடித்த வாய்க்கு, அதுவும் மலைக்குளிரில், ஆறிப்போன காபி மாதிரி இருக்கும். ‘எக்ஸ்ட்ரா ஹாட்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடைக்கானல் மலையிலேயே உள்ள தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து அராபிகா ரகக் காபி இருந்தால் மட்டும் பால் இல்லாமல் ஒரு கப் வாங்கிப் பாருங்கள்.