ரெசிடென்சிக்கு ரெக்கமன்டேஷன் லெட்டர் எப்ப கேக்கிறது? வன்னிப் பிள்ளையளின்ர கேள்வியளுக்குப் பதில்

வணக்கம் பிள்ளையள். எனக்குச் சொந்த ஊர் பரந்தன். யாழ்ப்பாணம் மருத்துவபீடத்தில படிச்சு, வன்னியில வேலை செய்துபோட்டு, இப்ப அமெரிக்காவில இன்டேர்னல் மெடிசின் ரெசிடென்சி (டொக்டர் ஆகினாப் பிறகு ஆஸ்பத்திரியில செய்யிற ஸ்பெஷாலிட்டிப் பயிற்சி) செய்யிறன். ஒவ்வொரு வருசமும் எட்டாம் மாசக் கடைசியில எனக்கு வாற மெசேஜில பாதி "அக்கா லெட்டர் இன்னும் வரேல்ல" எண்டுதான் இருக்கும், ஸ்டெப் டூ சி.கே எண்ட அமெரிக்க மருத்துவச் சோதினையை வடிவா செய்த பிள்ளையளே லெட்டரில வந்து முட்டுப்பட்டு நிக்கிறதைப் பாக்க சரியான கவலை, அதால இந்த முறை முன்கூட்டியே இருந்து பதில் சொல்லுவம் எண்டு வந்திருக்கிறன். கேளுங்கோ.

கேள்வி (கிளிநொச்சி, ஹவுஸ் ஒபிசர்): அக்கா, எனக்கு மெடிசின் அப்பொயின்ட்மென்ட் வாற மாசம் முடியுது, பேந்து பீடியாற்றிக்ஸுக்குப் போறன். அப்ளை பண்ண இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. கொன்சல்டன்ட் சேரிட்ட லெட்டரைப் பற்றி இப்பவே கதைக்கிறதோ, அந்த நேரம் போய்க் கேக்கிறதோ?

பதில்: இப்பவே கதையுங்கோ தங்கச்சி, வோட்டை விட்டுப் போக முன்னம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா சேருக்குப் புது ஹவுஸ் ஒபிசர்மார் வருவினம், ரெண்டு வருசம் கழிய உங்கட முகம் ஞாபகம் இருக்கும், பேரும் இருக்கும், ஆனா நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டது மறந்துபோகும், அது மறந்தா லெட்டரில வாறது "ஹார்ட் வேர்க்கிங், பங்க்சுவல், குட் கரக்டர்" இந்த மூண்டும்தான். அதை வாசிக்கிற ப்ரோகிராம் டிரெக்டருக்கு (அங்க ஒரு ஆஸ்பத்திரியின்ர ரெசிடென்சிப் பயிற்சிக்குப் பொறுப்பான ஆள்) உங்களைப் பற்றி ஒண்டும் தெரியவராது. அதோட எங்கட பக்கம் கொன்சல்டன்ட்மார் கனகாலம் நிக்கிறது குறைவு, ட்ரான்ஸ்பர் வந்தா காலிக்கோ குருநாகலுக்கோ போயிடுவினம், 2022 க்குப் பிறகு நாட்டை விட்டே போனவையும் கனபேர்.

ஆனா ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, இப்ப ஈராஸில, அதாவது ரெசிடென்சிக்கு ஒன்லைனில விண்ணப்பிக்கிற இடத்தில, லெட்டரை ஏத்த ஏலாது. எழுதுறது இப்ப, ஏத்துறது அப்ளை பண்ணுற வருசம். சேர் இப்ப எழுதித் தன்ர கொம்பியூட்டரில சேவ் பண்ணி வைச்சிருக்கட்டும், அந்த வருசம் நீங்கள் திருப்பிக் கதைச்சு, இடையில செய்த வேலையைச் சொல்ல, அவர் ஒரு பந்தி கூட்டி, புதுத் திகதி போட்டு, புதுசாக் கையெழுத்து வைப்பார். ஒரு வருசத்துக்கு மேல பழைய திகதியோட வாற லெட்டரைப் பாத்தா "இவ இடையில என்ன செய்தவ" எண்டு ஒரு கேள்வி எழும்பும்.

கேக்கிற விதமும் முக்கியம். வோட் ரவுண்டுக்கு நடுவில கேக்காதேங்கோ. கிளினிக் முடிஞ்சு அவர் ஆறுதலா இருக்கேக்க போய், "சேர், ஒரு ஸ்ட்ரோங்கான லெட்டர் எழுதுற அளவுக்கு என்ர வேலையைப் பாத்திருக்கிறீங்களோ" எண்டு நேராக் கேளுங்கோ. "ம்ம்... பாப்பம்" எண்டு இழுத்தார் எண்டா நன்றி சொல்லிப்போட்டு வேற ஆளைப் பாருங்கோ, அரை மனசோட எழுதின லெட்டர் இல்லாத லெட்டரை விட மோசம். ஓம் எண்டார் எண்டா அவற்ற சொந்த ஈமெயிலை வாங்கி வைச்சுக்கொள்ளுங்கோ, ஆஸ்பத்திரி நம்பரை நம்பி இருக்காதேங்கோ.

கேள்வி (முல்லைத்தீவு, எம்.ஓ): இந்த வருசம் அப்ளை பண்ணுறன் அக்கா. எந்த மாசம் என்ன செய்யோணும் எண்டு ஒருக்கா வடிவாச் சொல்லுவீங்களோ, ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுகினம்.

பதில்: ஈராஸ் சீசன் ஆறாம் மாசத் தொடக்கத்தில திறக்கும். வெளிநாட்டில படிச்ச எங்களுக்கு எங்கட தகுதியைச் சரிபாக்கிற அமெரிக்க நிறுவனமான ஈ.சி.எஃப்.எம்.ஜி தான் டோக்கன் எண்ட குறியீட்டைத் தாறது, அந்த டோக்கனை வைச்சு மைஈராஸ் எண்ட விண்ணப்பப் பக்கத்துக்குள்ள போய் ஒவ்வொரு கொன்சல்டன்டுக்கும் ஒரு என்ட்ரி போட்டு கன்ஃபேம் பண்ண, ஒரு லெட்டர் ஐடியோட ரிக்குவெஸ்ட் ஃபோம் வரும். அதை பி.டி.எஃப் ஆ இறக்கி சேருக்கு அனுப்புங்கோ. அவர்தான் லெட்டர் போர்ட்டலுக்குள்ள போய் ஏத்தோணும், இல்லாட்டி அவர் சொல்லி அவற்ற செக்ரட்டரி மாதிரி ஒரு ஆள் ஏத்தலாம், நீங்கள் ஏத்தக் கூடாது. "சேருக்கு நேரமில்லை, பாஸ்வேர்ட்டைத் தந்தவர், நானே ஏத்திவிட்டன்" எண்டு ஆரும் சொன்னா அதைப் பாத்துப் பழகாதேங்கோ, அது விதி மீறல், பிடிபட்டா முழு அப்ளிகேஷனும் போகும்.

2026 சீசனில, அதாவது 2025 ஆம் ஆண்டு, செப்ரெம்பர் 3 இல இருந்து சப்மிட் பண்ண விட்டவை, 24 ஆம் திகதிதான் ப்ரோகிராமுகளுக்குத் திறந்தது, அமெரிக்காவின்ர கிழக்கு நேரம் காலமை 9 மணி, எங்களுக்குப் பின்னேரம் 6.30. ஒவ்வொரு வருசமும் ஒண்டு ரெண்டு நாள் முன்னப் பின்ன மாறும். 3 ஆம் திகதி போட்டவரும் 23 ஆம் திகதி போட்டவரும் ப்ரோகிராமுக்கு ஒரே நேரத்திலதான் தெரிவினம், அதால முதல் நாளே போடோணும் எண்டு பதகளிக்கத் தேவையில்லை. ஆனா லெட்டர் ஏத்தினாப் பிறகு ப்ரொசெஸ் ஆகி வர அஞ்சு வேலைநாள் வரை பிடிக்கும், ஒன்பதாம் மாச முதல் திங்கள் அங்க லீவும்.

நான் சொல்லுறது, சேருக்குக் கடைசித் திகதி எண்டு ஓகஸ்ட் 10 ஐச் சொல்லுங்கோ. மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா, பள்ளிக்கூட லீவு எல்லாம் அந்த மாசத்திலதான் வாறது, பிள்ளையளோட ஊருக்குப் போயிடுவினம், லீவால வந்தோடன கிளினிக் நிரம்பிக் கிடக்கும். ஏழாம் மாசக் கடைசியில ஒருக்கா, ஓகஸ்ட் 10 கழிஞ்சும் வராட்டி இன்னொருக்கா ஞாபகப்படுத்துங்கோ. மரியாதையா ரெண்டு வரி வட்ஸ்அப்பில போட்டா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.

கேள்வி (வவுனியா, எம்.ஓ): எங்கட கொன்சல்டன்ட் "நீரே அடிச்சுக்கொண்டு வாரும், நான் சைன் வைக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டார். என்ன செய்யிறது?

பதில்: இது கனபேருக்கு நடக்குது. அவருக்கு உங்களில விருப்பமில்லாமல் இல்லை தம்பி, நேரமில்லை, அதோட அமெரிக்கன் லெட்டர் எப்பிடி இருக்கும் எண்டு தெரியாது. எங்கட நாட்டில லெட்டர் எண்டா நற்சான்றிதழ் மாதிரி நாலு வரியும் றப்பர் ஸ்டாம்பும்தானே.

ஆனா முழு லெட்டரையும் நீங்கள் எழுதாதேங்கோ. மூண்டு லெட்டரும் ஒரே ஆளின்ர இங்கிலீஷில, அதே சொல்லோட, அதே ஸ்டைலில வந்தா வாசிக்கிறவைக்கு உடன தெரியும், வருசத்துக்கு ஆயிரக்கணக்கில வாசிக்கிற ஆக்கள் அவை. அதோட நீங்கள் லெட்டரைப் பாக்கமாட்டன் எண்டு ஈராஸில ஒப்புதல் குடுத்துப்போட்டு நீங்களே எழுதினா அது பொய்.

அதுக்குப் பதிலா ஒரு பக்கத்தில குறிப்பு எழுதிக் குடுங்கோ. எப்ப இருந்து எப்ப வரை அவரோட வேலை செய்தனீங்கள், என்ன ஸ்பெஷாலிட்டிக்கு அப்ளை பண்ணுறீங்கள், பேந்து அவர் கண்ணால பாத்த ரெண்டு மூண்டு கேஸ். உதாரணத்துக்கு, வயலுக்குத் தண்ணி கட்டப் போன ஒருத்தரை இரவு ஒரு மணிக்குக் கண்ணாடி விரியன் கடிச்சுக் கொண்டு வாறினம், நீங்கள் கிளாஸ் டியூபில இரத்தம் எடுத்து 20 நிமிசம் ஆடாமல் வைச்சுச் சரிச்சுப் பாக்கிறீங்கள், உறையேல்ல, சேருக்குக் கோல் எடுத்துச் சொல்லிப்போட்டு அன்டிவெனம் தொடங்குறீங்கள், பத்து நிமிசத்தில ஆளுக்கு மூச்சு இழுக்குது, பிரஷர் விழுது, உடன நிப்பாட்டி அட்ரினலின் குடுத்து, ஆள் தெளிய ஆறுதலாத் திருப்பித் தொடங்கி, விடிய சேர் வரேக்க யூரின் அவுட்புட் சார்ட்டோட நிக்கிறீங்கள். இதை நாலு வரியில, நோயாளியின்ர பேர் போடாமல் எழுதுங்கோ. சேர் வாசிச்சோடன அந்த இரவு அவருக்கு ஞாபகம் வரும், பேந்து அவற்ற சொல்லில அவர் எழுதுவார். அமெரிக்காவில கன இடத்தில பாம்புக்கடி பாக்கிறதே இல்லை, ஆனா தனிய நிண்டு முடிவெடுத்து, சீனியருக்கு நேரத்துக்குச் சொல்லி, பதறாமல் செய்தவர் எண்டது எந்த ஊருக்கும் விளங்கும். அதுதான் வன்னியில வேலை செய்த பிள்ளையின்ர பலம், அதை "ஹார்ட் வேர்க்கிங்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள புதைக்க விடாதேங்கோ.

இன்னுமொண்டும் சேரிட்டச் சொல்லுங்கோ, தான் பாத்த மற்ற ஹவுஸ் ஒபிசர்மாரோட ஒப்பிட்டு நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டு ஒரு வரி வேணும். அதை எல்லாரும் தேடி வாசிப்பினம். லெட்டர்ஹெட், கையெழுத்து, திகதி மூண்டும் இருக்கோணும்.

கேள்வி (மன்னார்): இன்டேர்னல் மெடிசின், சைக்கியாற்றி ரெண்டுக்கும் போடலாம் எண்டு நினைக்கிறன். ஒரே லெட்டர் காணுமோ?

பதில்: காணாது. சைக்கியாற்றி ப்ரோகிராமுக்குப் போற லெட்டரில "இவர் நல்ல பிசிஷியன் ஆவார்" எண்டு இருந்தா இவருக்கு மனசு எங்க எண்டு யோசிப்பினம். ஒரே சேர் ரெண்டுக்கும் எழுதலாம், ஆனா ரெண்டு என்ட்ரி, ரெண்டு லெட்டர் ஐடி, கடைசிப் பந்தி மட்டும் வேற வேற. எது எதுக்கு எண்டு ஃபைல் பேரிலயே போட்டு அனுப்பச் சொல்லுங்கோ, மாறி ஏறினா பெரிய தலையிடி. ஒரு ப்ரோகிராமுக்குக் கூடினது நாலு லெட்டர்தான் அசைன் பண்ணலாம், கன ப்ரோகிராமுகள் மூண்டு கேப்பினம், அதில ஒண்டு ரெண்டாவது அந்த ஸ்பெஷாலிட்டி ஆளா இருக்கிறது நல்லம். ரெண்டாவது ஸ்பெஷாலிட்டி எண்டு நினைச்சா இப்பவே முடிவெடுங்கோ, ஒன்பதாம் மாசம் வந்து முடிவெடுத்தா அதுக்கு லெட்டர் எழுத ஒருத்தரும் இருக்க மாட்டினம்.

கேள்வி (முல்லைத்தீவு, அதே எம்.ஓ): மன்னிக்கோணும் திருப்பிக் கேக்கிறன். ரெண்டு லெட்டர் வந்து மூண்டாவது வராட்டி, வரும் வரை அப்ளிகேஷனை வைச்சிருக்கிறதோ?

பதில்: வைச்சிருக்கவே கூடாது! லெட்டர் இல்லாமலும் சப்மிட் பண்ணலாம், பிறகு வந்தோடன அசைன் பண்ண ப்ரோகிராமுக்குப் போகும். திறக்கிற நாள் உங்கட அப்ளிகேஷன் அங்க இல்லாட்டி, கன இடத்தில முதல் கிழமையளிலயே ஃபில்டர் போட்டு இன்டர்வியூ குடுத்து முடிச்சுடுவினம். ஒரு லெட்டர் பிந்தி வாறது சமாளிக்கிற விசயம், அப்ளிகேஷனே பிந்தினா சமாளிக்க ஏலாது.

கேள்வி (மல்லாவி): எனக்கு ஒப்சேவர்ஷிப் (அமெரிக்க டொக்டரோட நிண்டு பாத்துப் பழகிறது) பத்தாம் மாசம்தான் கிடைச்சிருக்கு, சிக்காகோவில. அந்த லெட்டர் பிரயோசனப்படுமோ, பிந்திப்போச்சோ?

பதில்: பிரயோசனப்படும். மூண்டு லெட்டரோட சப்மிட் பண்ணுங்கோ, நாலாவது இடத்தை வெறுமையா விடுங்கோ. ஏனெண்டா அசைன் பண்ணிப் போன லெட்டரைத் திருப்பி எடுத்து வேற ஒண்டு மாத்த ஏலாது, நாலையும் இப்பவே நிரப்பினா அமெரிக்கன் லெட்டர் வரேக்க வைக்க இடமிருக்காது. அங்க போய் முதல் கிழமையே அந்த டொக்டரிட்ட "நான் இந்த சீசன் அப்ளை பண்ணியிருக்கிறன், என்ர வேலை பிடிச்சா ஒரு லெட்டர் கேப்பன்" எண்டு சொல்லி வையுங்கோ, அவர் அப்பதான் உங்களைக் கவனிச்சுப் பாப்பார். இன்டர்வியூ ஒன்றாம் மாசம் வரை போகும், அதால பதினோராம் மாசம் வாற லெட்டரும் வேலை செய்யும். ஆனா அடுத்த பட்ச் பிள்ளையளுக்குச் சொல்லுறன், ஒப்சேவர்ஷிப்பை அஞ்சாம் மாசத்துக்கும் எட்டாம் மாசத்துக்கும் இடையில வையுங்கோ. கொழும்பில விசா இன்டர்வியூ திகதி கிடைக்கிறதும் ஒரு பெரிய காத்திருப்பு, அதையும் கணக்கில எடுத்து அதுக்கு முந்தின வருசமே தொடங்குங்கோ. இன்னும் கம்பஸில படிக்கிறவை எண்டா ஒப்சேவர்ஷிப்பை விட எலெக்டிவ் (மாணவரா அங்க போய்ச் செய்யிற பயிற்சி) நல்லம், நோயாளியைத் தொட்டுப் பாத்து வேலை செய்யலாம், பாஸ் அவுட் ஆகினா அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டு.

கேள்வி: லெட்டரைப் பாக்கிற உரிமையை விட்டுக்குடுக்கிறதோ வேண்டாமோ?

பதில்: விட்டுக்குடுங்கோ. விட்டுக்குடுத்தனீங்களோ இல்லையோ எண்டது ப்ரோகிராமுக்குத் தெரியும், விட்டுக்குடுக்காத லெட்டரை ஒருத்தரும் பெருசா நம்பமாட்டினம். கன்ஃபேம் பண்ணினாப் பிறகு மாத்த ஏலாது, கவனம்.

கேள்வி: எமேர்ஜென்சி மெடிசின், கைனிக்கும் இதே முறைதானோ?

பதில்: இல்லை. எமேர்ஜென்சிக்கு ஸ்லோ எண்டு தனி ஃபோம் இருக்கு, அங்கத்த எமேர்ஜென்சி டிப்பார்ட்மென்டில ரொட்டேஷன் செய்து அவைதான் நிரப்போணும், எங்கட சேர்மாரின்ர சாதாரண லெட்டர் அதுக்கு ஈடாகாது. கைனி 2025 மட்சில (ஆருக்கு எந்த ப்ரோகிராம் எண்டு பொருத்துறது) இருந்து ஈராஸை விட்டு ரெசிடென்சிகாஸ் எண்ட வேற இடத்துக்குப் போட்டுது, அங்கத்த திகதியளைத் தனியப் பாருங்கோ.

கேள்வி (வவுனியா, ஒரு தகப்பன்): பிள்ளை, என்ர மகள் அப்ளை பண்ணுறா. எங்களுக்கு ஒரு எம்.பியைத் தெரியும், மாகாணத்தில ஒரு பெரிய அதிகாரியையும் தெரியும். அவையிட்ட ஒரு கடிதம் எடுத்தா மகளுக்கு உதவியா இருக்குமோ?

பதில்: ஐயா, உங்கட அக்கறை விளங்குது, ஆனா வேண்டாம். மகள் நோயாளி பாக்கிறதைப் பக்கத்தில நிண்டு பாத்த ஆளின்ர கடிதம்தான் அங்க எடுபடும், மற்றது இருக்கிற நாலு இடத்தில ஒண்டை வீணாக்கும். மருத்துவபீடத்தில இருந்து டீன் அனுப்புற எம்.எஸ்.பி.ஈ (மகள் அங்க எப்பிடிப் படிச்சவ எண்ட அறிக்கை) வேற விசயம், அது இந்த நாலுக்குள்ள வராது, கட்டாயம் வேணும். பீடத்து ஒபிசில அது எடுக்க நாள் பிடிக்கும், ஏழாம் மாசத்துக்கு முன்னமே போய் விண்ணப்பம் குடுக்கச் சொல்லுங்கோ, மகளுக்கு டியூட்டி எண்டா அந்த அலைச்சலில நீங்கள் உதவலாம் ஐயா, அது பெரிய உதவி.

கேள்வி: என்ர கொன்சல்டன்ட் இப்ப அவுஸ்திரேலியாவில. அவர் எழுதலாமோ?

பதில்: தாராளமா. இப்ப வேலை செய்யிற இடத்து லெட்டர்ஹெட்டில எழுதட்டும், முதல் பந்தியில "இத்தனையாம் ஆண்டு கிளிநொச்சியில இவருக்கு நான் சுப்பவைசர்" எண்டு தெளிவா வரோணும்.

கேள்வி: அமெரிக்காவில பயிற்சிக்குப் போற ஜே-1 விசாவுக்கு சுகாதார அமைச்சு குடுக்கிற லெட்டரையும் இப்பவே எடுத்து வைக்கிறதோ?

பதில்: அது மட்ச் ஆகினாப் பிறகு. மூண்டாம் மாசம் மூண்டாவது வெள்ளி மட்ச் டே, அதுக்குப் பிறகு ஓடுங்கோ, ஏழாம் மாசம் 1 வேலை தொடக்கம் எண்டதால அப்ப ஒரு நாளும் மினக்கெடக் கூடாது. ஜே-1 இல போனா படிப்பு முடிய ரெண்டு வருசம் நாட்டுக்கு வந்திருக்கோணும் எண்ட விதியும் இருக்கு, அதைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ. எங்கட ஆஸ்பத்திரியளுக்குத் திரும்பி வாற ஒவ்வொரு ஆளும் தேவை, நான் அதை மனசார நினைக்கிறன்.

கேள்வி (மாங்குளம்): அக்கா கடைசியா ஒண்டு. என்ர எம்.பி.பி.எஸ் சேட்டிபிக்கட்டில இனிஷியலோட பேர், பாஸ்போட்டில அப்பான்ர பேர் முழுசா முன்னுக்கு. லெட்டரில எப்பிடிப் போடச் சொல்லுறது?

பதில்: ஈ.சி.எஃப்.எம்.ஜியில என்ன பேர் இருக்கோ அதே எழுத்தில, அதே ஒழுங்கில. சேர்மார் பழக்கத்தில வோட்டில கூப்பிடுற பேரைப் போட்டுவிடுவினம், பேந்து லெட்டர் ஒரு ஆளுக்கும் அப்ளிகேஷன் இன்னொரு ஆளுக்கும் மாதிரிக் கிடக்கும். குறிப்புப் பக்கத்தின்ர முதல் வரியிலயே பெரிய எழுத்தில அந்தப் பேரை அடிச்சுக் குடுங்கோ, ஈ.சி.எஃப்.எம்.ஜி பேரும் பாஸ்போட் பேரும் பொருந்தாட்டி டோக்கன் எடுக்க முன்னமே அதைத் திருத்துங்கோ.