பிரிசம் தாள் ஓரம் கிளம்பினால்

அண்ணாச்சி, அப்பாவின் இரட்டைப் பார்வைக்காகக் கண்ணாடியில் ஒட்டிய பிரிசம் தாள் (ஒளியை வளைத்து இரண்டு உருவங்களை ஒன்றாக்கும், ஒரு பக்கம் நுண்ணிய வரிகள் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்) பத்தே நாளில் ஓரம் கிளம்பி, குமிழும் விட்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். அது பசையில் நிற்பதில்லை, அதையே திரும்ப ஒட்டலாம். ஃபெவிகுவிக் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கழற்றும் முன் எந்த ஓரம் மூக்குப் பக்கம், எது மேல் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திசை மாறினால் உருவங்கள் இன்னும் விலகிப்போகும். லென்ஸைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்குங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் முக்கி, தண்ணீருக்குள்ளேயே ஒட்டுங்கள். வழவழப்பான பக்கம் லென்ஸின் உட்புறத்தில் படிய வேண்டும். வரிகள் கண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளினால் குமிழ் வெளியேறிவிடும். ஒரு இரவு காயட்டும்.

போர் தண்ணீர் வேண்டாம், உப்பு வரிகளுக்குள் படியும். பாளையங்கோட்டையில் அம்மாவின் கண்ணாடியைத் தாமிரபரணித் தண்ணீரில்தான் கழுவுவோம். வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். குழந்தைகளின் மெத்தென்ற பல் பிரஷால், வரி ஓடும் திசையில் தேயுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் ஆகாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விடவும் கூடாது.

தாள் வழியாக எழுத்து கொஞ்சம் மங்கும், அது இயல்பு. சரியாக ஒட்டியும் இரண்டாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அளவு மாறியிருக்கலாம்.