அரிசிப் பையைக் கடைசியில் வைத்தவருக்கு

வணக்கம் சார்,

எனக்கு 27 வயது. விஸ்காம் படித்துவிட்டு இரண்டு வருடம் ஃப்ளெக்ஸ் கடையிலும் மூன்று வருடம் சென்னையில் ஒரு ஏஜென்சியிலும் டிசைனராக இருந்தேன். ஆள்குறைப்பில் வேலை போனது. ஊருக்கு வந்து தனியாக ஆர்டர் எடுத்தேன். ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி கேட்லாக், 2000 பிரதி. அச்சாகி வந்தபின் பார்த்தால் கடையின் ஃபோன் நம்பரில் ஒரு எண் தப்பு. அவர்கள் பணம் தரவில்லை. அம்மாவின் செயினை அடகு வைத்து பிரஸ்ஸுக்குக் கட்டினேன். நான்கு மாதமாக கம்ப்யூட்டரைத் திறக்கவே பிடிக்கவில்லை. பழைய கஸ்டமர்கள் 'கேன்வா ஆப்பில் நானே டிசைன் பண்ணிக்கிறேன்' என்கிறார்கள். அப்பா மில்லில் கணக்கு எழுதப் போகச் சொல்கிறார். இந்த வேலை எனக்கு வராதோ? என் டிசைன்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள தம்பி,

எழுத வருவதற்கு முன் ஏழெட்டு வருடம் டிடிபி கடையில் பேஜ்மேக்கர், கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேர்களோடு உட்கார்ந்திருந்தவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. என் கணக்கில் இருப்பது ஒரு கல்யாணப் பத்திரிகை. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு எங்கள் கடைக்கு வராத காலம். பாமினி ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் 'அம்மா' என்பது நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் கர்வ்ஸ் ஆக்கி, அதாவது எழுத்தை ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றித்தான் பிரஸ்ஸுக்கு அனுப்புவோம். அன்றும் ஆக்கினேன். ஆனால் எழுத்துக்கு நான் கொடுத்திருந்தது தனிக் கறுப்பு இல்லை, நாலு மையும் கலந்த கறுப்பு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மெஷினில் ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட்; அதில் ஒன்று மயிரிழை விலகியது, அவ்வளவுதான். தாத்தா பாட்டி பெயரெல்லாம் ஓரத்தில் ஊதாவும் நீலமுமாகக் கசிந்து, ண-வும் ஜ-வும் சுழி அடைத்துக்கொண்டு கிடந்தன. முகூர்த்தத்துக்கு 22 நாள். திரும்ப அடித்ததில் எனக்கு இரண்டு மாதச் சம்பளம் போனது. பெண்ணின் அப்பா திட்டவில்லை, பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். திட்டியிருக்கலாம்.

சரி, உங்கள் விஷயம். உங்களுக்கு டிசைன் வராததால் அந்தப் பணம் போகவில்லை. அச்சுச் செலவையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொண்டதால் போனது. பிரஸ் பில்லில் நாலு காசு நிற்கும் என்று எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறோம், நானும் எடுத்திருக்கிறேன். இனிமேல் டிசைன் கூலி தனி, அதில் பாதி முன்பணம்; பிரஸ் பில்லை கஸ்டமரே நேராகக் கட்டட்டும். ஃபைனல் ஃபைலைக் காகிதத்தில் எடுத்து, கடைக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினால் போதாது, அவர் அதைக் கல்லாவில் நின்றுகொண்டு பாதி பார்த்துவிட்டுக் காட்டியிருப்பார். ஃபோன் நம்பரைக் கண்ணால் சரிபார்க்காதீர்கள், கண் நம்மை ஏமாற்றும். ஃபைலில் இருக்கிறதைப் பார்த்து டயல் பண்ணுங்கள், கடையில் மணி அடித்தால் சரி.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சரியான நம்பரை குட்டி ஸ்டிக்கராக அடித்து 2000 பிரதியிலும் நானே ஒட்டித் தருகிறேன் என்று அன்றைக்கே போய் நின்றீர்களா? கடிதத்தில் அது இல்லை. நின்றிருந்தால் பாதிப் பணமாவது வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போதும் ஒருமுறை போய்ப் பேசுங்கள், பணத்துக்காக இல்லாவிட்டாலும்.

கேன்வாவுக்குப் போகிறவர்கள் போகட்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபின், கட்சிகளே தொண்டர்களிடம் பேனர் வைக்காதீர்கள் என்று சொன்னது நினைவிருக்கும். அப்போது எனக்குத் தெரிந்த இரண்டு கடைகளில் பேனரையே நம்பியிருந்தது மூடிக்கொண்டது. பில் புக், லேபிள், ஊறுகாய் பாட்டில் ஸ்டிக்கர் என்று சில்லறை வேலையும் வைத்திருந்த கடை இன்னும் ஓடுகிறது. மில்லுக்குப் போவதானால் போங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பல வருடம் வேலை பார்த்துக்கொண்டேதான் தன் கோட்டோவியங்களை வரைந்தார். செயினை மீட்கும் வரைக்கும் பகலில் கணக்கு, ராத்திரியில் டிசைன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், நீங்கள் அனுப்பியதை எல்லாம் பார்த்தேன். ஏஜென்சி போஸ்டர்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அதே மாதிரி போஸ்டர் ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. கடைசியில், ஏதோ வெட்கப்பட்டுக்கொண்டு செருகியதுபோல, 25 கிலோ அரிசிப் பை ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதில் ரொம்ப நேரம் நின்றேன். மூன்றே நிறம். சாக்கின் நெசவில் மெல்லிய கோடு நிற்காது என்று தெரிந்து எழுத்தைத் தடியாக்கியிருக்கிறீர்கள், அப்படியும் 'பொன்னி'யில் ன்-னின் சுழி அடைபடவில்லை. என் பத்திரிகையில் நான் கோட்டைவிட்ட இடம் அதுதான். அந்த எழுத்து எந்த ஃபான்ட்டிலும் இல்லை, கையால் வரைந்ததுதானே?

அதை முதலில் வையுங்கள். மண்டியில் பைகள் அடுக்கியிருக்கும்போது ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்பவும், இல்லாவிட்டால் கசங்கித்தான் வரும்.